நாய்க்கு ஒரு டாக்டர் போதும்

கொடுங்கையூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் லாரி எப்போது வரும், குப்பைமேட்டுப் புகை இன்றைக்கு எந்தப் பக்கம் வீசுகிறது, யார் வீட்டுக் குழாய் யார் வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும். சமீபத்தில் அதில் ஒரு விளம்பரம் வந்து விழுந்தது. பக்கத்தில் புதிதாகச் செல்லப்பிராணிகளுக்கு ஒரு மருத்துவமனை திறந்திருக்கிறார்களாம். ஏசி போட்ட காத்திருப்பு அறை, நாய்களுக்கென்று நீச்சல் தொட்டி, வருட பேக்கேஜ் எடுத்தால் நாயின் பிறந்தநாளுக்கு கேக் இலவசம். அன்று முழுவதும் குழுவில் வேறு பேச்சே இல்லை. மனிதருக்குப் பிறந்தநாள் என்றால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் கட்டடம் இது.

சாயங்காலம் இரண்டாம் மாடிப் பெண் ஒருத்தி என்னையே கேட்டுவிட்டாள். "வசந்தாக்கா, நீங்கதான் நாய் ஆஸ்பத்திரில ரொம்ப வருசம் இருந்தீங்களே. நல்ல டாக்டர எப்படிக் கண்டுபிடிக்கிறது? செலவும் கையக் கடிக்கக்கூடாது." கட்டைவிரலால் தட்டிப் பதில் சொல்கிற கேள்வியா இது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. திருவொற்றியூரில் டாக்டர் ஹேமலதா நடத்திய இரண்டு அறை கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள். முழங்கால் மறுக்கிறவரை அங்கேயேதான் இருந்தேன். அதற்கு முன் ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீரில் விரல் விறைத்துப்போனதால், கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு கிளினிக்குக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு நாய் என்றால் பயம் என்பதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. அது முதல் நாளே தெரிந்துவிட்டது. முயல் அளவில் ஒரு பொமரேனியன் குரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நான் பரிசோதனை மேசைமேல் ஏறிவிட்டேன். டாக்டரம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வசந்தா, அந்த மேசை பேஷன்ட்டுக்கு" என்றார்.

அப்புறம் எல்லாம் பழகியது. பேண்டேஜ் துணியால் வாயைக் கட்டுவது, பூனையைத் துண்டில் சுற்றித் தலை மட்டும் தெரியப் பிடிப்பது, ஒரு கையை நாயின் கழுத்துக்கடியில் கொடுத்து மறு கையின் கட்டைவிரலால் முன்னங்காலை அழுத்தி நரம்பை எழுப்பிக் காட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டேன். எடை போடுவதுதான் என் தனித்துறை. பெரிய நாய்கள் எடைமேடையில் நிற்காது. நான் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன், பிறகு இறக்கிவிட்டுத் தனியாக ஏறுவேன், டாக்டரம்மா கழித்துக்கொள்வார். கழிப்பதற்கு முன்னால் என் எடையைக் கணீரென்று வாசிப்பார். அதனால் திருவொற்றியூரில் நாய் வளர்க்கிற எல்லோருக்கும் என் எடை தெரியும். பொங்கல் முடிந்த வாரம் ஒரு வாடிக்கையாளர், பாசமாகத்தான், "இந்த வருசம் சர்க்கரைப் பொங்கல் நல்லா இருந்துச்சு போல" என்று விசாரித்தார். டாக்டரம்மாவிடம் போய்க் குறைப்பட்டுக்கொண்டேன். மருந்தின் அளவு எடையைப் பார்த்துத்தான் என்றும், எடை போடாமல் மருந்து எழுதும் டாக்டரிடம் யாரும் இரண்டாம் தடவை போகக்கூடாது என்றும் சொன்னார். என் மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவருடைய முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

பிராணி உள்ளே வந்ததும் தொடமாட்டார். சங்கிலியை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு, ஏதோ எழுதுகிறவர்போல் குனிந்துகொள்வார். கண் மட்டும் கண்ணாடிக்கு மேலாக நாயைப் பார்க்கும். எந்தக் காலை முதலில் வைக்கிறது, தண்ணீர்க் கிண்ணத்தைத் தேடுகிறதா, மூலையில் போய்ப் படுக்கிறதா என்று கவனிப்பார். நாயின் சொந்தக்காரர்களோ, காசு கொடுத்தும் இந்த அம்மா நாயைத் தொடவில்லையே என்று என்னைப் பார்ப்பார்கள். நான் கூரை மின்விசிறியைப் பார்ப்பேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்த பிறகும் காத்திருக்கவேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வாசலில் உறுமிக்கொண்டு நகரும். அந்தச் சத்தத்தில் யானையின் இதயத் துடிப்புகூடக் கேட்காது. "லாரி போகட்டும்" என்பார். ஒரு லாரி போனால் இன்னொன்று வரும். எத்தனை போனாலும் சத்தம் அடங்கும்வரை ஸ்டெதஸ்கோப்பை எடுக்கமாட்டார்.

அப்புறம் கேள்விகள். என்ன சாப்பிட்டது, வெளியே போனது எப்படி இருந்தது, வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா. கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேட்பார். முதலில் ஒரு தடவை, அவர்கள் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னொரு தடவை. டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லாத உண்மை செருப்பு மாட்டும்போது வந்துவிடும் என்பது அவர் கண்டது. வந்தும் இருக்கிறது. வாந்தி எடுத்த ஒரு டாக்ஸ்ஹவுண்ட் நாயின் சொந்தக்காரர், வாசலில் நின்றுகொண்டு, கல்யாண வீட்டிலிருந்து ஒரே ஒரு கிண்ணம் பாயாசம் கொடுத்தோம், அது சாப்பாட்டில் சேருமா என்று கேட்டார்.

காசு விஷயத்தை ஒளித்துப் பேசமாட்டார். இன்றைக்கே செய்யவேண்டியது இது, இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்பது இது, செய்யவே வேண்டாம் என்பது இது என்று பிரித்துச் சொல்லி, எவ்வளவு ஆகும் என்பதையும் ஊசியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். "செலவைப் பத்திக் கவலையே படாதீங்க டாக்டர்" என்று யாராவது சொன்னால்தான் அவருக்குக் கவலை வரும். அப்படிச் சொன்னவர்கள்தான் மூன்றாம் நாள் ஊசிக்கு வராமல் போவார்களாம். வெறிநாய்த் தடுப்பூசிக்குக் கஷ்டப்படுகிறவர்களை அரசு கால்நடை மருந்தகத்துக்கு அவரே அனுப்பிவைப்பார். வருகிற வரும்படியை இப்படித் திருப்பி அனுப்பினால் எனக்கு எங்கிருந்து சம்பளம் வரும் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ஊசியே போடாமல் ஒரு நாய் தெருவில் சுற்றுவதைவிட, அங்கே ஊசி போட்டுக்கொண்டு தன்னிடம் சொறிக்கு வரட்டும் என்றார்.

இந்த முறையெல்லாம் எல்லோருக்கும் பிடித்தது என்று நினைக்கவேண்டாம். எண்ணூரில் லாரி கான்டிராக்ட் எடுத்த ஒருவர் ஹஸ்கி நாய் வாங்கியிருந்தார். பனியில் வண்டி இழுக்கிற ஜாதி. அதை அனல்மின் நிலையத்துப் பக்கத்தில் சித்திரை மாதத்தில் வளர்த்தால் என்ன செய்யும்? நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தது. சாப்பிடவில்லை. அவர் ஒரு கட்டு நோட்டோடு, எல்லா டெஸ்டும் எடுத்துவிடுங்கள் என்று வந்தார். டாக்டரம்மா பார்த்தார், லாரி போகக் காத்திருந்தார், ஜுரம் பார்த்தார். நாய்க்கு வியாதி இல்லை, வெயில்தான். பகலில் உள்ளே வையுங்கள், ஈரத்தரையில் ஃபேனுக்குக் கீழே படுக்க விடுங்கள், விடியற்காலையில் மட்டும் நடக்கவிடுங்கள், முடியை மழிக்காதீர்கள் என்று சொல்லிப் பார்வைக் கட்டணம் மட்டும் வாங்கினார். கான்டிராக்டர் முகம் விழுந்துவிட்டது. "இவ்ளோதானா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். நாயின் விலையைச் சொல்லி, அந்த விலைக்கு இந்த வைத்தியம் போதுமா என்று சந்தேகப்பட்டார். அப்புறம் அவர் வரவே இல்லை. நாய்க்குக் குணமாகிவிட்டது என்று அவருடைய டிரைவர்தான் சொன்னார். வேறு டாக்டரிடம் எல்லா டெஸ்டும் எடுத்தார்களாம். அந்த டாக்டரும் ஃபேனுக்குக் கீழேதான் படுக்கவைக்கச் சொன்னாராம்.

சரி, இப்போது வஞ்சரத்தின் கதைக்கு வருகிறேன்.

வஞ்சரம் என்பது ஒரு நாயின் பெயர். பழுப்பு நிறம், நம் ஊர் நாய், நடுவயசு. கடற்கரைக் குப்பத்தில் இருக்கும் தனம் அதைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தனம் மீன் விற்கிறவள். விடியும் முன்பே ஏலத்துக்குப் போய்ச் சரக்கெடுத்து, சாயங்காலம்வரை மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பாள். விலை அதிகமான மீனின் பெயரை ஏன் வைத்தாய் என்று கேட்டேன். வாங்கத்தான் முடியாது, கூப்பிடவாவது செய்யலாமே என்றாள்.

வஞ்சரத்தின் மேல் ஏதோ வண்டி உரசிவிட்டதால் பின்னங்காலை நொண்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வழக்கம்போல் அதை நடக்கவிட்டுப் பார்த்தார், எலும்பை அழுத்திப் பார்த்தார். காலை ஊன்றி நிற்கிறது, எக்ஸ்ரேவுக்கு இப்போது அவசரமில்லை, குறையாவிட்டால் எடுக்கலாம் என்றார். நான் தூக்கிக்கொண்டு ஏறினேன், எடை போட்டோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று மட்டும் என்று வலி மாத்திரை கொடுத்தார். தனம் செருப்பு மாட்டும்போதும் கேட்டார். வேறு யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்றாள்.

சில நாள் கழித்து, அதே வஞ்சரத்தை மீன் அள்ளும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தாள். நாயால் தலையைத் தூக்க முடியவில்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து வாந்தி. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்பது இத்தனை வருடத்தில் எனக்கும் தெரியும். வலி மாத்திரை அளவுக்கு மீறிப் போனால் இப்படி ஆகும். எல்லோரும் நினைப்பதையே நானும் நினைத்தேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று இவள் இரண்டு மூன்றாகக் கொடுத்திருப்பாள்.

என் பார்வையிலேயே தனத்துக்கு அது புரிந்துவிட்டது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு ஒண்ணுதான் மேடம் குட்த்தேன். மீன்ல உருட்டி வச்சி குட்த்தேன். மிச்சம் இதோ கீது, நீங்களே பாருங்கோ."

அட்டையில் மிச்சம் சரியாக இருந்தது. டாக்டரம்மா அதை ஒரு தரம் பார்த்தார், அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார், நம்பினார். நம்பியதால்தான் அடுத்தது நடந்தது. டிரிப்ஸ் போட நான் நாயின் முன்னங்காலைப் பிடித்து நரம்பை எழுப்பினேன். டாக்டரம்மா ஊசியைக் கொண்டுவந்தவர் நிறுத்திவிட்டார். இன்னொரு முன்னங்காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அங்கே சதுரமாக, மெஷின் வைத்து முடி மழிக்கப்பட்டிருந்தது. புது முடி முள் மாதிரி முளைக்க ஆரம்பித்திருந்தது. போன தடவை அது இல்லை. அன்றைக்கு நாயைத் தூக்கி எடை போட்டவளே நான்தான்.

இதை யார் மழித்தது என்று தனத்தைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ சொறி என்று நினைத்தாளாம். சொறி சதுரமாக வராது என்றார் டாக்டரம்மா. வேறு ஒரு டாக்டர் இந்தக் காலில் ரத்தம் எடுத்திருக்கிறார், அல்லது ஊசி போட்டிருக்கிறார். பகலில் இது எங்கே போகிறது என்று கேட்டார்.  காலையில் அவள் கிளம்பும்போது இதுவும் கிளம்பும், ராத்திரி வந்துவிடும். நாய்தானே, எங்கேயாவது சுற்றும் என்று இருந்திருக்கிறாள்.

அப்போதுதான், வெயிட்டிங் போடலாமா என்று கேட்க ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். டப்பில் துணி மூடி வந்த நாயை அவர் அதுவரை சரியாகப் பார்க்கவில்லை. இப்போது மேசையில் பார்த்தார்.

"இன்னாமா, இது அண்ணாச்சி கட மேனேஜராச்சே" என்றார்.

டாக்டரம்மா டிரிப்ஸை ஏற்றிவிட்டு, அந்த அண்ணாச்சி என்ன மருந்து கொடுத்தார் என்று உடனே தெரிந்தாக வேண்டும் என்று என்னையும் தனத்தையும் அதே ஆட்டோவில் அனுப்பினார். காலடிப்பேட்டையில் சங்கரபாண்டி அண்ணாச்சியின் மளிகைக் கடை. நாங்கள் போய் இறங்கியபோது கல்லாவை விட்டு இறங்கித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். தராசுக்குப் பக்கத்தில் ஒரு கோணிப்பை நான்காக மடித்துப் போட்டிருந்தது, காலியாக. அதுதான் மேனேஜரின் இடம். காலையில் கடை திறக்கும்போது வந்து உட்கார்ந்தால் ராத்திரி ஷட்டரை இறக்கும்வரை அங்கேயேதான் இருக்குமாம். ஷட்டரை இறக்கிய பிறகு கடைவாசலில் படுத்துக் காவல் காக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"மேனேஜர் இன்னைக்கு வரலம்மா. சொல்லாம லீவு போடுத ஆளு இல்லியே அவன்" என்றார் என்னிடம், வேறு எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

நான் விஷயத்தைச் சொன்னேன். காலில் நொண்டியதும் அவர் பதறிப்போய், பெரிய கிளினிக் ஒன்றுக்குக் காரில் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் தயிர்ச்சாதத்தில் வைத்துத் தவறாமல் கொடுத்திருக்கிறார். வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று அங்கேயும் கேட்டார்களாம். என் கடை நாய்க்கு வேறு யார் கொடுப்பார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

தனம் இடுப்பில் கை வைத்து, அது தன் வீட்டு வஞ்சரம் என்றாள். அண்ணாச்சிக்கு நாய் இன்னொருத்தருடையது என்ற அதிர்ச்சியைவிடப் பெயர்தான் பெரிய அதிர்ச்சி. "மீன் பேரா? அவன் சுத்த சைவம்லா" என்றார். ராத்திரி ராத்திரி அது சாப்பிட்ட மீன்தலைகளைப் பற்றித் தனம் நிதானமாகச் சொன்னாள். அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். நாய் சாகக் கிடக்கிறது என்று நான் நினைவுபடுத்தவேண்டியிருந்தது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சட்டைப் பையில் மாத்திரை அட்டையோடு ஆட்டோவில் ஏறினார். மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். வழி முழுக்க இரண்டு பேரும் அது தங்கள் வீட்டுக்கு எத்தனை வருடமாக வருகிறது என்று என் தலைக்கு மேலே ஏலம் விட்டுக்கொண்டே வந்தார்கள்.

டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெயர் வேறு, நிறம் வேறு, மருந்து ஒன்றேதான். காலையில் ஒரு முழு அளவு, ராத்திரி ஒரு முழு அளவு. குடல் புண்ணாகிவிட்டது, கிட்னியிலும் கை வைத்துவிட்டது. அந்தக் கிளினிக்கில் செய்ததும் தப்பில்லை, தான் செய்ததும் தப்பில்லை, இந்த நாய்தான் ரெண்டு டாக்டரையும் ஏமாத்தியிருக்கு என்றார்.

அண்ணாச்சி எல்லாப் பரிசோதனையையும் திரும்ப எடுங்கள், செலவு எவ்வளவு ஆனாலும் நானே கட்டுகிறேன் என்றார். தனத்துக்குச் சுருக்கென்றது. தன் நாய்க்கு இன்னொருத்தர் எதற்குக் கட்டவேண்டும், தண்டலுக்கு வாங்கியாவது கட்டுவேன் என்றாள். யாருடைய நாய் என்பதில் பேச்சு ஏறியது. டாக்டரம்மாவுக்குக் குரல் உயராது, தாழும். அவர் குரலைத் தாழ்த்தியதும் இரண்டு பேரும் வாயை மூடினார்கள்.

"எங்க வேணும்னாலும் காட்டுங்க. ஆனா ஒரு இடத்துல காட்டுங்க. ஒரு டாக்டர் சொல்றத மட்டும் கேளுங்க. இங்கதான்னா, யாரும் கடன் வாங்க வேண்டாம். நான் சொல்றத மட்டும் செய்யலாம், ஆகுறத ரெண்டு பேரும் பாதிப் பாதி."

அண்ணாச்சி எடுத்த ரத்தப் பரிசோதனை வீணாகவில்லை. அதைப் போனில் வரவழைத்துப் பார்த்தார். மருந்து ஏறுவதற்கு முன் கிட்னி நன்றாக இருந்தது என்று அதில் தெரிந்தது. அதனால் எல்லாப் பரிசோதனையும் திரும்பத் தேவையில்லை, கிட்னிக்கு மட்டும் ஒன்று போதும் என்றார். ரிப்போர்ட்டை எங்கே எடுத்தாலும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அது காசு கொடுத்து வாங்கியது, அடுத்த டாக்டரிடம் அதுவே பாதிக் காசை மிச்சம் பிடிக்கும். அப்புறம் ஒளிக்காமல் இன்னொன்றையும் சொன்னார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, வயிற்றுக்கு ஊசி போட்டாயிற்று. இனி மூத்திரம் போகவேண்டும். போனால் கிட்னி வேலை செய்கிறது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் தன்னால் முடியாது, நகரத்துக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அங்கே போனாலும் பிழைப்பது பாதிக்குப் பாதிதான்.

எங்கள் கிளினிக்கில் நோயாளியைத் தங்கவைக்க இடமில்லை. மேசையை ஓரமாகத் தள்ளி, தரையில் துணி விரித்துப் படுக்கவைத்தோம். எதிரே ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு கோடியில் அண்ணாச்சி, மறு கோடியில் தனம். இரண்டு பேருக்கும் அன்று வியாபாரம் போயிற்று. மதியம்வரை டிரிப்ஸ் சொட்டுவதையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தனம், தயிர்ச்சாதம் குளிர்ச்சியாயிற்றே, தினமும் அதையா கொடுப்பது என்று சுவரிடம் சொன்னாள். மீன் முள் குடலைக் கிழிக்காதா என்று அண்ணாச்சி கூரையிடம் கேட்டார். இடையிடையே ஒருவர் மேனேஜரே என்றும், ஒருவர் வஞ்சரம் என்றும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நாய் கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இருவரும் கூப்பிடவில்லை. தனம் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணாச்சி எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்து, ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வஞ்சரம் தலையைத் தூக்கியது. எழுந்திருக்கப் பார்த்தது. டாக்டரம்மா அதை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அண்ணாச்சி நாயைத் தூக்கினார், தனம் துணியைப் பிடித்தாள், நான் டிரிப்ஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சாமி ஊர்வலம் போவதுபோல் வாசலுக்கு வந்தோம். அங்கே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. நாய் தள்ளாடி நடந்து ஒரு லாரியின் டயரை மோந்து பார்த்தது.  அந்த நேரம் பார்த்து முன்னால் வரிசை நகர, டிரைவர் இன்ஜினை உறுமவிட்டார்.

அதுவரை நாயையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி லாரிக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டிவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. மேனேஜர் ஒரு சோலியா இருக்காரு."

பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. டிரைவர் தலையை நீட்டி, பாட்டிலோடு நிற்கும் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், இன்ஜினை அணைத்தார். வஞ்சரம் பின்னங்காலைத் தூக்கியது. நொண்டுகிற காலைத்தான். முதலில் சொட்டு, அப்புறம் நீளமாக. அந்த டயருக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்திருக்காது, பின்னும் கிடைத்திருக்காது. தனம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, குனிந்து, நிறத்தைப் பார்த்தார்.

"போதும். இது போதும்" என்றார்.  நான் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகும் சில நாள் பகலெல்லாம் டிரிப்ஸ் ஏறியது. அண்ணாச்சியும் தனமும் முறைபோட்டு உட்கார்ந்தார்கள். பிறகு முறை இல்லாத நாளிலும் வந்தார்கள். குணமானதும் டாக்டரம்மா ஒரு ஒப்பந்தம் பேசிவைத்தார். பகலில் அண்ணாச்சி கடை, ராத்திரி தனத்தின் வீடு. உப்பும் காரமும் இல்லாத சாப்பாடு. மருந்து எது கொடுத்தாலும் ஒருவர் மட்டும் கொடுத்துவிட்டு மற்றவருக்குப் போன் செய்யவேண்டும். கிளினிக் அட்டையில் பெயர் எழுதும்போது சண்டை வரும் என்று பார்த்தேன். டாக்டரம்மா யாரையும் கேட்காமல் மேனேஜர் வஞ்சரம் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

அவருக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு அளவு மருந்து கெடுதல்தான், ஆனால் இத்தனை சீக்கிரம் இவ்வளவு மோசமாகியிருக்கக் கூடாதே என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அதோடு, அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது நாயின் எடை கூடியிருந்தது. நான் தூக்கிக்கொண்டு ஏறியதால், முதலில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். தனியாக ஏறிக் காட்டினேன். நாய்தான். இரண்டு வீட்டிலும் அளந்துதான் போடுகிறார்கள். இருவரும் சத்தியம் செய்தார்கள்.

ஒரு நாள் பேருந்தில் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லாரி ஷெட்டின் வாசல். அங்கே காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் நீட்டிய பிஸ்கட்டைத் தின்றபடி, நமக்குத் தெரிந்த பழுப்பு நாய் உட்கார்ந்திருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். காவலாளி துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த வயசாளி. பெருமாள் என்று பெயர். குப்பத்துக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்த ஷெட். காலையும் ராத்திரியும் இந்த வழியாகத்தான் நாய் போகிறது, வருகிறது. அவருக்கு அது டைகர்.

நான் யார் என்பதைச் சொல்லிவிட்டு, மாத்திரை எதுவும் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். ச்சே, அதெல்லாம் கிடையாது, பிஸ்கட்டுதான் என்றார். எனக்கு நிம்மதியாயிற்று. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். டாக்டரம்மாவின் வழக்கப்படி, இரண்டாம் தடவையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டேன்.

பெருமாள் மோவாயைச் சொறிந்தார்.

"முன்ன ஒரு தபா கால் நொண்டிகினு வந்துச்சுமா. பாக்க பேஜாரா இருந்துச்சு. என் முட்டி வலிக்கு குட்த்த மாத்திரைல பாதி பாதி ஒடச்சி குட்த்தேன். நல்லா கேக்குற மாத்திரமா அது."

நான் நேராகப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஒரு பூனையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை முடித்தார், கை கழுவினார், நாற்காலியில் உட்கார்ந்தார். மனிதருக்குக் கொடுக்கிற வலி மாத்திரையில் பாதிகூட நாய்க்கு விஷம் என்பதை நான் எத்தனை பேரிடம் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிற்கவே இல்லை. பூனையின் சொந்தக்காரர் பயந்துபோனார்.

"அவரையும் வரச் சொல்லு வசந்தா" என்றார் கடைசியில்.

அடுத்த பரிசோதனைக்குப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோடியில் அண்ணாச்சி, மறு கோடியில் தனம், நடுவில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெருமாள். செய்த காரியம் என்ன என்று தெரிந்ததிலிருந்து அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தனம்தான் வெற்றிலையை எடுத்து அவரிடம் நீட்டினாள். நான் எடை போட்டேன். டாக்டரம்மா என் எடையையும் நாயின் எடையையும் வாசித்தார், லாரி போகக் காத்திருந்து நெஞ்சைக் கேட்டார், கிட்னி சரியாகிவிட்டது என்றார். மூன்று பேரும் எழுந்து செருப்பு மாட்டினார்கள். டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்க வாசலுக்கு வந்தார். இந்தத் தடவை அவர்களைக் கேட்கவில்லை. குனிந்து, நாயின் முகவாயைக் கையில் ஏந்திக்கொண்டு அதையே கேட்டார்.

"உண்மையச் சொல்லுடா. இன்னும் எத்தனை வீடு?"